ஐம்பத்தொரு சீட்டு

அட்டன் நீதவான் நீதிமன்றத்தில்
நான் இரண்டு வாய்க்காரி.
சிங்களத்தில் வருவதைத் தமிழில் விடுவேன்,
தமிழில் வருவதைச் சிங்களத்தில்.
இடையில் எனக்கென்று ஒரு சொல்லும் தங்காது.

செவ்வாய்க்கிழமை நாலு பேர்.
கொழுந்து மடுவத்துக்குப் பின்னால் சாக்கு விரித்து
மெழுகுதிரி வெளிச்சத்தில் பிடிபட்டவர்கள்.
செபமாலை, அவர் மச்சான் பெரியண்ணன்,
பெயர் சொல்லவே கூச்சப்பட்ட இரண்டு பொடியன்கள்.
சான்றுப் பொருள்: சாக்கு ஒன்று,
மூவாயிரத்து நானூற்றிருபது ரூபாய்,
சீட்டு ஐம்பத்தொன்று.

டயமன் ஏழைக் காணவில்லை.
ஒரு சீட்டுக் குறைந்தால் அது ஆட்டமே இல்லை
என்று வாதாடினார் சட்டத்தரணி.
மொழிபெயர்த்தேன்.
யாரும் சிரிக்கவில்லை.

குற்றப்பத்திரிகையில் ஒரு சொல்லுக்கு மட்டும்
எனக்கு வேலை இருக்கவில்லை.
அங்கே சூதுவ, இங்கே சூது.
வாலை மட்டும் நறுக்கிவிட்டு
அப்படியே தூக்கி இந்தப் பக்கம் வைத்தேன்.
ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு தண்டம்.

பின்னேரம் நோர்வூட் பஸ்ஸில்
வளைவொன்றில் சிக்னல் கிடைத்ததும்
வங்கியின் குறுஞ்செய்திகள் மொத்தமாய் வந்து விழுந்தன.
முந்நூற்றைம்பது. முந்நூற்றைம்பது. முந்நூற்றைம்பது.
பதினாறோடு எண்ணுவதை விட்டேன்.

வீட்டு விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளர் கிடையாது.
"டயமன் வாங்கினேன்" என்றான் டிலுக்ஷன்.
"டயமன் குடுத்தா பெட்டி.
உள்ள என்ன இருக்குன்னு தொறந்தாத்தான் தெரியும்."
அப்ப அது சூதுடா.
"இல்லம்மா. சூதுன்னா ஒண்ணுமே கிடைக்காமலும் போகும்.
இதுல என்னமாவது வரும். வெறும் பெட்டியே இல்ல."
உனக்கு என்ன வந்தது?
"தொப்பி."
எல்லாத்துலயுமா?
"ஒன்பதுல. நெருப்புச் சிறகு இன்னும் வரல்ல."
தொப்பிய வித்தா?
"விக்க ஏலாது. அதத்தான் சொல்றேன்,
சல்லியா மாறாது. மாறினாத்தான் சூது."

பன்னிரண்டு வயது.
டயமன் ஏழைத் தேடிய சட்டத்தரணியைவிட
நன்றாகவே வாதாடினான்.

தகரத்தில் மழை. தூக்கம் வரவில்லை.
போன நத்தாருக்கு வென்ற காசில்
மகளுக்கு வெள்ளைச் சப்பாத்து வாங்கினேன் என்று
கூண்டில் நின்று செபமாலை சொன்னார்,
யாரும் கேட்காமலே.
அதையும் மொழிபெயர்த்தேன்,
அவருக்கு எதிராகத்தான் போய் முடிந்தது.
வெல்ல முடிந்ததால் அவர் குற்றவாளி.
வெல்லவே வழி வைக்காத ஆட்டத்துக்கு
எந்தச் சட்டத்தில் எத்தனையாம் பிரிவு?

சாக்கை விரித்தது யார்,
ஆட்டத்துக்கு ஆட்டம் பங்கு எடுத்தது யார்
என்றெல்லாம் நீதவான் குடைந்தார்.
என் மகனின் உள்ளங்கை அகலச் சாக்கை விரித்தவனுக்கு
அழைப்பாணை அனுப்ப
ஒரு விலாசம்கூடத் தெரியாது எனக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்.
கணக்கை மூடத்தான் அவனுடைய போனை எடுத்தேன்.
ஏற்கெனவே காசு கட்டிய பெட்டி ஒன்று
திறக்காமல் மிச்சம் இருந்தது.
மூடி லேசாக ஆடியது.
இடுக்கில் மெழுகுதிரி நிறத்தில் வெளிச்சம்.

அவன் தூங்குகிறானா என்று பார்த்தேன்.
தொட்டேன்.

கடகடவென்று என்னென்னவோ சுழன்றன.
துப்பாக்கி, சப்பாத்து, தொப்பி, தொப்பி,
பிறகு நெருப்புச் சிறகு
மெல்ல, மெல்ல, அம்புக்குறிக்கு நேரே வந்து
நின்றேவிட்டது என்றுதான் நினைத்தேன்,
வாய்விட்டு ஏதோ சொன்னேன்கூட.
ஒரு நூல் நகர்ந்தது.

தொப்பி.

"இன்னொரு தடவை?" என்றது திரை,
சுத்தமான தமிழில்,
எனக்கு ஒரு வேலையும் வைக்காமல்.